முதல்ல என்ன?

என் சமையல் கொட்டகையில் தீப்பிடித்த அன்று, பக்கத்து வீட்டு முசியே வாசலில் வந்து நின்று கேட்ட கேள்வியை நான் கட்டையில் போகிறவரை மறக்கமாட்டேன். கூரை திகுதிகுவென்று எரிகிறது. நான் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அலறுகிறேன். மனுஷன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "தங்கச்சி, பதறாத. முதல்ல என்ன? தண்ணியா, அரிசி மூட்டையா?" என்கிறார்.

"முதல்ல நீங்க தள்ளி நில்லுங்கண்ணே!" என்று கத்தினேன்.

அவர் தள்ளி நிற்கவில்லை. கதவை மறித்துக் கிடந்த அரிசி மூட்டையை இழுத்து வெளியே போட்டார். அப்புறம்தான் எனக்கே உறைத்தது, அந்த மூட்டை அங்கே கிடக்கிறவரை குடத்தோடு ஒருத்தரும் உள்ளே நுழைந்திருக்க முடியாது. ஏழெட்டுக் குடத்தில் தீ அடங்கிவிட்டது. அன்று நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை. வழியை மறித்தாரே என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். என் குணம் அப்படி.

இது நடந்தது சைகோனில், கான் ஹொய் பேட்டையில். துறைமுகம், கிடங்குகள், கால்வாய், கால்வாய்மேல் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் பெரிய நகரம். இந்தப் பக்கம் நாங்கள். காகிதத்தில் நாங்களும் நகரத்தைச் சேர்ந்தவர்கள்தான். ஆனால் பாலத்தைத் தாண்டுகிறவர்கள் எல்லாரும் "சைகோனுக்குப் போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வார்கள். என் வீட்டுக்காரருக்குச் சுங்கச்சாவடியில் குமாஸ்தா வேலை. நாங்கள் காரைக்கால், பக்கத்து வீட்டுக்காரர் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரன் ஊரில் முசியே என்றால் ஐயா என்று அர்த்தம், பேட்டையில் அப்படி எத்தனையோ முசியேக்கள் இருந்தார்கள். வெறுமனே 'முசியே' என்றால் அவர் ஒருத்தர்தான். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

துறைமுகத்தில் அவருக்கு வினோதமான உத்தியோகம். கப்பலில் எந்தச் சரக்கு முதலில் ஏறவேண்டும், எது அதற்கப்புறம் என்று வரிசை போட்டுக் கொடுக்கவேண்டும். கனமானது அடியில், உடைகிறது மேலே, முதல் துறைமுகத்தில் இறங்கவேண்டியது கடைசியில் ஏறவேண்டும். வரிசை பிசகினால் நடுக்கடலில் கப்பல் சாயும் என்பார். இருபது வருஷம் இதையே செய்கிற மனுஷனுக்கு வீடு, வாசல், கல்யாணம், சாவு எல்லாமே சரக்காகத் தெரிய ஆரம்பித்துவிடும் போலிருக்கிறது. எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "அது சரி, முதல்ல என்ன?" என்பார்.

ஒரு கல்யாணத்தில் தெரியாத்தனமாகப் பந்தி வரிசையை அவரிடம் விட்டுவிட்டார்கள். பாலம் தாண்டிப் போகவேண்டியவர்களுக்கு முதல் பந்தி. டான் சோன் நாட் விமான நிலையத்தில் வேலைக்குப் போகவேண்டியவர்களும் அதிலேயே. பேட்டைக்காரர்களுக்கு இரண்டாவது. அடுத்த வீட்டுக்காரர்களுக்குக் கடைசிப் பந்தி, அவர்களுக்கு என்ன அவசரம்? நியாயம்தான். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் அந்த அடுத்த வீட்டில்தான் இறங்கியிருந்தார்கள். சம்பந்தியம்மாள் பாயசம் தீர்ந்துபோன பந்தியில் உட்கார்ந்து அழுத அழுகை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"எனக்குத் தாலி கட்டும்போதே, 'முதல்ல எந்தப் பக்கத்து முடிச்சு'ன்னு அய்யரைக் கேட்ட மனுஷன்டி இவரு" என்பாள் அவர் பெண்சாதி. நான் அவளை அக்கா என்பேன். நல்லவள், வாய் மட்டும் என்னைவிட நீளம்.

அவர் வாசலில் ஒரு பள்ளம் இருந்தது. பட்டாளத்து லாரி ஒன்று திரும்பும்போது அமுங்கி உண்டானது. மழை பெய்தால் குளம், வெயிலடித்தால் சேறு. முசியே தினமும் காலையில் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக வெளியே வருவார். வலக்கையால் தொப்பியைப் பிடித்துக்கொள்வார், இடக்கையால் கால்சட்டையை ஒரு விரற்கடை தூக்கிக்கொள்வார், ஹூம் என்று ஒரு தாவல். மாலையில் திரும்பும்போது அதே தாவல், அந்தப் பக்கத்திலிருந்து. அதைப் பார்த்துத்தான் நான் அடுப்பு மூட்டுவேன்.

"ரெண்டு கூடை செங்கல் போட்டா மூடிப்போகுமேண்ணே, எத்தனை வருஷம் இப்படித் தவளையாட்டம் தாவுவீங்க?" என்று கேட்டேன்.

"அதுக்கு முன்னாடி ஊர்ல முப்பது வேலை கிடக்கு தங்கச்சி. தன் வாசலை முதல்ல போட்டுக்கிட்டான்னு ஒருத்தன் சொல்லிடக்கூடாது."

நாட்டுப்புறத்தில் அப்போது சண்டை. பிரெஞ்சுக்காரனுக்கும் விடுதலை கேட்டவர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சனம் படகு படகாகக் கான் ஹொய்க்கு வந்து இறங்கியது. கால்வாய் ஓரத்தில் மூங்கிலை நட்டு, தண்ணீருக்கு மேலேயே குடிசை போட்டுக்கொண்டார்கள். இடமில்லாததால் ஒரு குடிசையின் கூரை அடுத்ததன் தோளில் சாய்ந்திருக்கும், அது அதற்கடுத்ததில். பேட்டை வாரத்துக்கு வாரம் பெருத்தது. குழாய் மட்டும் அதே ஒன்றுதான். ஒரு குடம் தண்ணீருக்கு அரை நாள் நின்றிருக்கிறேன்.

அந்த வரிசையில்தான் எனக்கு பா ஹாய் பழக்கம். தோளில் காவடிபோல் கூடைகளைத் தொங்கவிட்டு, ஹூ தியூ என்கிற சேமியாச் சூப் விற்கிறவள். குண்டு விழுந்து ஊரைவிட்டு மூன்று பிள்ளைகளோடு வந்தவள். அவர்கள் மொழியில் 'பா' என்றால் அம்மாள், 'ஹாய்' என்றால் இரண்டு. அந்தப் பக்கத்து வழக்கத்தில் தலைச்சன் பிள்ளையையே இரண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்று என்று யாரையும் கூப்பிடமாட்டார்கள், அந்த இடம் காலியாகவே இருக்கும். அவள் வீட்டுக்கு மூத்தவள், அதனால் இரண்டு.

இந்த நிலைமையில் நகரசபைக்குத் தேர்தல் வந்தது. எங்கள் பேட்டைக்கு ஒரு இடம்.

ஓட்டு யாருக்கு என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. எங்கள் பாட்டன்மார் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் ஆகிவிட்டதால் எங்களுக்கு உண்டு. செட்டிநாட்டிலிருந்து வந்து கடை வைத்திருந்தவர்களுக்கு இல்லை. அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த பா ஹாய்க்கு இல்லை. கடல் தாண்டி வந்த எனக்கு இருந்தது! பெண்களுக்குக் கொடுத்தே சில வருஷம்தான் ஆகியிருந்தது. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்று வெட்கப்படவில்லை, ஓட்டுப் போடப் புதுப்புடவை எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஆள் ஒருவர் பாலத்துக்கு அந்தப் பக்கம் பங்களாவில் இருந்தார். கறுப்புக் கார் வைத்திருந்ததால் கார்க்காரர். அவர்தான் முதலில் நின்றார், நாலு வாக்குறுதியோடு. பாலத்து முகப்பில் ஒரு வரவேற்பு வளைவு, வளைவின்மேல் ஒரு கடிகாரம், வாத்தியம் வாசிக்க ஒரு மண்டபம். நாலாவதாக, கால்வாய் ஓரத்துக் குடிசைகளைப் பிடுங்கிவிட்டு அங்கே கிடங்குக்கு முற்றம். துண்டுக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தார்.

முசியே அந்தக் காகிதத்தை எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தார்.

"நாலாவதைப் பாருங்க. அந்தச் சனம் எங்க போவும்?"

"தண்ணிக்குத்தான் போவும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்ப நான் நிக்கிறேன்" என்றார் முசியே.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான். கன்னியர் மடத்தில் படித்த கையெழுத்து என்பதால் காகிதம் எழுதுகிற வேலை எனக்கு வந்தது. பிரெஞ்சில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"ரெண்டு, குடிசைகளைக் கலைக்கக்கூடாது. மூணு, புதுசா மூணு குழாய். நாலு, கால்வாய்ப் பலகைப் பாலத்துக்குக் கைப்பிடி."

"ஒண்ணு எங்கண்ணே?"

"அது காலியா இருக்கட்டும். ஒண்ணாவதை வீட்டுக்காரங்க சொல்லணும். ஒவ்வொரு வீட்டுலயும் கேட்டு அவங்க காகிதத்துல எழுதிக் கொடுப்பேன்."

"வீட்டுக்கு வீடு வேற வேற முதலாவதா? அது எப்படிண்ணே முடியும்?"

"கப்பல்ல ஒவ்வொரு மூட்டைக்கும் சொந்தக்காரன் இருக்கான். அவனவனுக்கு அவனவன் மூட்டைதான் முதல். அத்தனையும் ஒரே கப்பல்ல போகலையா?"

ஒன்றுக்கு எதிரே இடம் விட்டு எழுதி முடித்தேன். 

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். சனங்கள் சொன்னதைக் கேட்க வேண்டுமே! ஒருவருக்கு எதிர் வீட்டுச் சேவல் கூவக்கூடாது. அந்த எதிர் வீட்டுக்காரருக்குச் சேவலைப் பற்றிப் புகார் சொல்கிறவரை வேறு தெருவுக்கு மாற்றவேண்டும். ஓய்வுபெற்ற பட்டாளக்காரர் ஒருவருக்குத் துறைமுகத்துக் கொடிக்கம்பம் சாய்ந்திருப்பது பொறுக்கவில்லை. இன்னொரு அம்மாளுக்கு மருமகனை ஹனோய்க்கு மாற்றவேண்டும், மகளை இங்கேயே விட்டுவிட்டு. முசியே எதையும் சிரிக்காமல் எழுதிக் கொடுத்தார். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, "கொட்டகைக்கு ஓடு" என்றேன். எழுதினார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஓட்டுள்ள வீடு முடிந்ததும் நிற்காமல், கால்வாய் ஓரத்துக் குடிசைகளுக்கும் போக ஆரம்பித்தார். தொப்பியைக் கழற்றி, தலை குனிந்து, தன் அரைகுறை வியட்நாம் மொழியில், "உங்கள் ஓட்டை எனக்குத் தரவேண்டுகிறேன்" என்று ஒவ்வொரு குடிசை வாசலிலும் கேட்டார். அந்தப் பகுதியில் மொத்தமாகத் தேடினாலும் ஒரு ஓட்டுக் கிடையாது.

என் வீட்டுக்காரர் ஆடிப்போய்விட்டார். "ஓட்டே இல்லாத வீட்டுல போய் ஓட்டுக் கேக்குறீரே, உமக்கென்ன கிறுக்கா?"

"நாலு வீட்டுல கேட்டுட்டு அஞ்சாவது வீட்டைத் தாண்டிப் போனா, அந்த வீட்டுப் பொம்பளை என்ன நினைப்பா? ஓட்டு இல்லன்னா அவளுக்குத் தண்ணி வேணாமா?"

"தண்ணிய பத்திக் கேளும். ஓட்டை ஏன்யா கேக்குறீரு?"

"அவங்ககிட்ட மட்டும் கேக்காம விட்டா மரியாதையா இருக்காதே" என்றார்.

பா ஹாய் குடிசைக்கு அவர் போனபோது நானும் கூட இருந்தேன். காகிதத்தை வாங்கிப் பார்த்தவள், இரண்டிலிருந்து ஆரம்பிப்பதைக் கண்டு சிரித்துவிட்டாள். "இந்த முசியே நம்ம ஊர் வழக்கம் தெரிஞ்சவர்" என்று என்னிடம் சொன்னாள். அவர் அதற்காகச் செய்யவில்லை என்று நான் அவளிடம் சொல்லவில்லை. ஒன்றாவதாக என்ன வேண்டும் என்று அவர் கேட்டார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இதுவரைக்கும் எங்களைப் போ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை" என்றாள்.

பிறகு, "குடிசை இங்கேயே இருக்கணும்" என்றாள்.

"அது ரெண்டாவதாகவே இருக்கே" என்றார் முசியே.

"என் காகிதத்தில் ஒன்றாவதாக எழுதுங்கள்."

எழுதினார். இரண்டாவதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் என்ன போடுவது என்று கேட்டு, 'சாந்திலி'க்குப் போகிற சந்தில் வழுக்காத பலகை என்று எழுதினார். சாந்திலி கால்வாய் ஓரத்துத் தேநீர்க் கடை. வரிசை முக்கியம்.

தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கார்க்காரர் ஒலிபெருக்கியோடு எங்கள் தெருவுக்குள் வந்தார். "எதிராளிக்கு முதல் திட்டமே இல்லை! காகிதத்தைப் பாருங்கள், ஒன்றுக்கு எதிரே வெற்றிடம்!" என்று முழங்கிக்கொண்டே வந்த கார், முசியே வாசல் பள்ளத்தில் தொபுக்கென்று இறங்கி உட்கார்ந்துவிட்டது. ஒலிபெருக்கி மட்டும் கொரகொரத்துக்கொண்டிருந்தது.

முசியே வெளியே வந்தார். ஜன்னல் வழியாகக் குனிந்து, "முதல்ல என்ன? காரா, நீங்களா?" என்று கேட்டார். கார்க்காரரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்! குடிசைக்காரர்கள் பத்துப் பேர் வந்து காரைத் தூக்கி வெளியே வைத்தார்கள், தங்களையே பிடுங்கி எறியவேண்டும் என்றவரின் காரை. சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்த கார்க்காரரிடம் முசியே ஒரு காகிதத்தையும் நீட்டினார்.

"நீங்களும் ஒரு வாக்காளர்தானே. உங்களுக்கு ஒண்ணாவதா என்ன வேணும்?"

"இந்தப் பள்ளத்தை மூடித் தொலையும்!" என்று கத்தினார் கார்க்காரர்.

முசியே நிதானமாகப் பென்சிலை எடுத்து அதை எழுதி, காகிதத்தை மடித்து அவர் பையில் வைத்து அனுப்பினார். அந்தக் காகிதங்களில் பள்ளத்தை மூடச் சொல்லிக் கேட்டவர் எதிராளி ஒருத்தர்தான்.

வாக்குப்பதிவு பேட்டைப் பள்ளிக்கூடத்தில். நான் விடிந்ததும் புதுப்புடவையைக் கட்டிக்கொண்டு போய் ஓட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கால்வாய் ஓரத்துச் சனம் மொத்தமும் வரிசையில் நிற்கிறது. தலைக்கு எண்ணெய் வைத்து, துவைத்த உடை உடுத்தி, கிழவர்கள், கைப்பிள்ளைக்காரிகள் எல்லாரும். கையில் முசியே கொடுத்த காகிதம். வரிசை பள்ளிக்கூடத்தைச் சுற்றித் தெருமுனைவரை போயிருந்தது. எங்கள் ஓட்டுள்ள ஆட்கள் அந்த வரிசையின் வாலில் நின்றார்கள்.

மேசையில் இருந்த பிரெஞ்சு அதிகாரி கடமையில் கெட்டி. ஒவ்வொருத்தர் பெயரையும் கேட்டு, புதுச்சேரிப் பெயர்கள் மட்டுமே உள்ள பட்டியலில் முதலிலிருந்து கடைசிவரை விரலை வைத்துத் தேடி, "இல்லை" என்று சொல்லி, மரியாதையாக அனுப்பினார். ஒருத்தருக்கே ஐந்து நிமிஷம். பா ஹாய் முறை வந்தது. "பெயர் இல்லை" என்றார். "தெரியும். அவர் கேட்டார், வந்தேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

வெயில் ஏறியது. கார்க்காரரின் ஆட்கள் காலையிலேயே காரில் வந்து போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வரிசையின் வாலில் நின்ற எங்கள் ஆட்கள் ஒவ்வொருத்தராகக் கழன்றுகொள்ள ஆரம்பித்தார்கள்.  ஓடிப்போய் முசியேவைப் பிடித்தேன். "அண்ணே, இவங்களைப் போகச் சொல்லுங்கண்ணே! நீங்க ஒரு வார்த்தை சொன்னா போயிடுவாங்க. நீங்க தோத்தா இவங்க குடிசைதானே போவும்!"

"நானே கூப்பிட்டேன் தங்கச்சி. நானே எப்படிப் போகச் சொல்றது?"

"அப்ப முதல்ல என்னண்ணே? ஜெயிக்கிறதா, மரியாதையா?"

அவர் கேள்வியை அவரிடமே திருப்பிக் கேட்டது அன்றுதான். அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. வரிசையைப் பார்த்தார், குடிசைகள் இருந்த பக்கம் பார்த்தார். ஒரு குவளையில் தண்ணீர் மொண்டு, வரிசையில் நின்ற ஒரு கிழவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுதுவிட்டேன்.

மத்தியானம் மழை கொட்டியது. குடிசைக்காரர்கள் நனைந்துகொண்டே நின்றார்கள், ஓட்டுக்காரர்கள் வீட்டுக்கு ஓடினார்கள். நாலே நாலு ஓட்டில் முசியே தோற்றார். ஓட்டுப் போடாமல் ஓடிவந்தவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர் என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். மீன்குழம்பு ஆறிவிடும் என்று வந்தவர், சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டார். ஒரு மாசம் அவருக்கு நான் மீன் வாங்கவில்லை.

கார்க்காரர் ஜெயித்தார். வளைவு வரவில்லை, கடிகாரம் வரவில்லை. நாலாவது மட்டும் உடனே வந்தது. அளவு நாடாவோடு ஆட்கள் வந்து கால்வாய் ஓரத்தில் இறங்கினார்கள். துறைமுகத்து இடம் என்பதால், எதை எப்படி அப்புறப்படுத்துவது என்று துறைமுக உத்தியோகஸ்தர் ஒருவர் வரிசை போட்டுக் கையெழுத்திடவேண்டும். அந்த உத்தியோகஸ்தர் யார்? நம்ம முசியேதான்.

காதில் பென்சிலோடு வந்தார். "முதல்ல என்ன? எந்தக் குடிசை?" என்றார்.

ஓரத்தில் இருந்த ஒன்றைக் காட்டினார்கள்.

"அதை எடுத்தா அடுத்தது தண்ணியில விழும். ஆள் செத்தா யார் பொறுப்பு?"

அப்படியானால் அடுத்ததை முதலில் எடுக்கலாம் என்றார்கள். அது மூன்றாவதைத் தாங்குகிறது. மூன்றாவது நாலாவதை. இப்படியே நாற்பது குடிசையையும் பார்த்துக்கொண்டு போனால், கடைசிக் குடிசை வளைந்து வந்து முதல் குடிசையின்மேல் சாய்ந்திருந்தது. முந்தின நாள்வரை அது அப்படிச் சாய்ந்திருக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பா ஹாயின் மூத்த மகன் கையில் புது மூங்கில் கீறிய காயம் இருந்தது. நான் கேட்கவில்லை.

முசியே அதை அப்படியே அறிக்கையாக எழுதினார். என் கையெழுத்துத்தான். அது ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்குப் போய், "முதலில் எது என்று தெளிவுபடுத்துக" என்ற குறிப்போடு திரும்பி வரும். இவர் இன்னொரு வரைபடம் சேர்த்து அனுப்புவார். அது போய் வருவதற்குள் ஒரு மழைக்காலம் முடிந்துவிடும். இரண்டு மழைக்காலம் இப்படிப் போயிற்று. அதற்குள் பிரெஞ்சுக்காரனே மூட்டையைக் கட்டிவிட்டான்.

அவன் மூட்டைகளையும் கப்பலில் வரிசைப்படுத்தி ஏற்றியது முசியேதான். முதலில் ஏறியது கறுப்புக் கார். எங்கள் ஆட்கள் பாதிக்குமேல் பிரான்சுக்கும் புதுச்சேரிக்கும் கிளம்பினார்கள். "நம்மது எப்ப?" என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஊராருது முடியட்டும்" என்றார் அவர். ஊராருடையது முடிந்தபோது அவருக்குக் கிளம்புகிற எண்ணமே போய்விட்டிருந்தது. என் வீட்டுக்காரருக்குச் பக்கத்துச் சீனர் பேட்டையான சோலோனில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்ததால் நாங்களும் தங்கிவிட்டோம்.

நாடு வியட்நாம்காரர்களுடையதாயிற்று. கொடி மாறியது, தெருப் பெயர் மாறியது. முசியே வாசல் பள்ளம் மாறவில்லை, அவர் தாவலும் மாறவில்லை. தலை மட்டும் நரைத்து, தாவல் கொஞ்சம் குட்டையாகி, சில நாள் பின்கால் நனைந்துவிடும்.

சில வருஷம் கழித்துப் பேட்டைக்குத் தலைவர் தேர்ந்தெடுக்கத் தேர்தல் வைத்தார்கள். இப்போது அவர்களுக்கெல்லாம் ஓட்டு. அந்நியப் பிரஜைகளான எங்களுக்கு இல்லை. நியாயம்தானே என்று நினைத்தேன். ஆனாலும் அலமாரியில் இருந்த அந்தப் புடவையை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன்.

ஒரு நாள் காலையில் நானும் அக்காவும் அவர்கள் வீட்டு முன்கட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். முசியே நாற்காலியில். வாசலில் யாரோ பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு வருவது தெரிந்தது. பா ஹாய். நல்ல நீள அங்கி போட்டு, கொண்டை முடிந்து, காதில் ஒரு பென்சில்!

அவள் தேர்தலுக்கு நிற்கிறாளாம். முசியேவுக்கு எதிரே தலை குனிந்து நின்று, "உங்கள் ஓட்டை எனக்குத் தரவேண்டுகிறேன்" என்றாள்.

முசியே பதறி எழுந்தார். "எனக்கு ஓட்டு இல்லையேம்மா. நாங்க வெளிநாட்டுக்காரங்க."

"தெரியும்" என்று ஒரு காகிதத்தை நீட்டினாள். இரண்டு, மூன்று, நாலு என்று வரிசையாக எழுதியிருந்தது. ஒன்றுக்கு எதிரே இடம் காலி. காதிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்து, தமிழில் கேட்டாள்:

"முதல்ல என்ன?"

ஊரெல்லாம் கேட்டு எழுதிக் கொடுத்த மனுஷனை யாரும் இப்படிக் கேட்டதில்லை. வேட்பாளர் தன் வீட்டுக்கே போய் ஓட்டுக் கேட்க முடியுமா?   கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு என்னம்மா, ஒண்ணும் வேணாம்" என்றார்.

"பள்ளம்னு எழுதும்மா!" என்று நானும் அக்காவும் ஒரே குரலில் கத்தினோம்.

"ஏய், சும்மா இருங்க! அதுக்கு முன்னாடி ஊர்ல..."

அவள் எழுதிவிட்டாள்.

மறுநாள் காலையிலேயே அவளுடைய பிள்ளைகள் இரண்டு வண்டி உடைந்த செங்கல்லோடு வந்துவிட்டார்கள். தேர்தலுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. முசியே வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தார். "முதல்ல தண்ணிய இறைக்கணும்டா! அப்புறம் பெரிய கல்லு. யாருடா அது பொடியை முதல்ல கொட்டறது?" என்று மத்தியானம்வரை அவர்கள் உயிரை எடுத்தார்.

வாக்குப்பதிவு அன்று காலையில் அவர் பழைய வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்தேன். சட்டென்று புரிந்தது. ஓடிப்போய் அலமாரியிலிருந்த புடவையைக் கட்டிக்கொண்டு நானும் கூடப் போனேன். அதே பள்ளிக்கூடம். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றோம். மேசையில் இருந்த இளம் அதிகாரி பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்கள் பெயர் இதில் இருக்காது" என்றார்.

"தெரியும் தம்பி. அந்தம்மா கேட்டாங்க, வந்தேன்" என்றார் முசியே. தொப்பியை எடுத்து ஒரு வணக்கம் போட்டுவிட்டு நகர்ந்தார்.

இருவரும் திரும்பி நடந்தோம்.  வீடு வந்தது. வாசலில் செங்கல் பொடி கெட்டித்து, தரை சமமாக, காய்ந்து கிடந்தது. முசியே வலக்கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டார், இடக்கையால் கால்சட்டையை ஒரு விரற்கடை தூக்கினார், ஹூம் என்று ஒரு தாவல் தாவி உள்ளே போனார்.